கூடைக்கு அடியில் தாம்பூலத் தட்டு

எனக்கு எழுபத்தேழு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. (கூடுதல் இரண்டும் என் கொழுந்தனாருடைய பிள்ளைகள். அவரும் அவர் சம்சாரமும் அற்பாயுசில் போய்ச் சேர்ந்தார்கள். ஆறில் எது நான் பெற்றது, எது பெறாதது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்று வரை தெரியாது.) ஆறு பேருக்கும் நானே இடம் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பெண்ணைப் பார்த்தால் அவள் புத்திசாலியா மந்தமா என்று தெரியாமல் போகுமா? போயிற்று. வீட்டுக்குள் போயிருந்தால் மறைத்திருப்பேன். கூரை போட்ட பேஸ்கட்பால் மைதானத்தில், அத்தனை ஜனம் பார்க்கப் போயிற்று.

அதை நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் சொன்னால் ஆளுக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். போன தீபாவளிக்கு என் சின்ன மகன் சொன்னதில், நான் பந்தைப் பிடுங்கிக் கூடையில் போட்டதாகவே வந்துவிட்டது. நான் படித்தது நாலாம் வகுப்பு. ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகிறது. ஆகட்டும், எனக்கென்ன அவசரம்.

என் வீட்டுக்காரர் பொன்மலையில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் காலனியில் யார் வீட்டுப் பையனுக்குப் பெண் பார்க்கப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஸ்ரீரங்கத்துக்கு வீடு கட்டி வந்த பிறகும் அந்த மரியாதை ஆட்டோ பிடித்து என்னைத் தேடி வந்தது. காரணம், என்னிடம் ஒரு முறை இருந்தது. காபி கொண்டு வரும் பெண்ணை நான் பார்ப்பதே இல்லை. எல்லோரும் குடித்து முடித்த பிறகு காலி டம்ளர்களை எடுப்பதைத்தான் பார்ப்பேன். இரண்டிரண்டாக எடுத்து நாலு தடவை நடப்பவள் மந்தம். ஒன்றுக்குள் ஒன்று சொருகி ஒரே நடையில் எடுத்துப் போகிறவள் கெட்டிக்காரி. என் மூத்த மருமகள் மல்லிகாவை அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். (அன்றைக்கு டம்ளர் எடுத்தது தன் சித்தி என்று அவள் எனக்குச் சொன்னது, பேரன் எடுத்த பிறகு. நான் நம்பவில்லை.)

அந்தப் பேரன்தான் முரளி. துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை. சின்ன வயதிலிருந்தே எதையும் வாய் திறந்து கேட்காத பிள்ளை. இன்னொரு தோசை வேண்டும் என்றால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நாமாகத்தான் போட வேண்டும். வந்த ஜாதகத்துக்கெல்லாம் “உங்க இஷ்டம்” என்பான். சொல்லும்போதே முகம் வாடிப்போகும், அந்த இடத்தை விட்டுவிடுவோம். முப்பது தாண்டியும் இப்படியே போனதில் அவன் அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அப்புறம் ஒருநாள் சுகந்தி என்ற பெண்ணின் ஜாதகம் வந்தது. அவளோடு நாலு வார்த்தை போனில் பேசிவிட்டு வந்தவன் நேராக என் கட்டிலுக்கு அருகில் வந்து நின்றான்.

“இந்தப் பொண்ணு வேணும் அப்பாயி,” என்றான்.

அவன் என்னிடம் வேணும் என்று கேட்ட முதல் சாமான் அதுதான்.

சுகந்திக்கு விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க உத்தியோகம். அப்பா துபாயில். அம்மா புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லாம் சரி, பெண் பார்க்கப் போகத்தான் நாள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அவளுக்கு எங்கேயாவது மேட்ச். ஆடி பிறக்க ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. அன்றைக்கும் மேட்ச். ஆவணியில் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் அம்மா சொன்னார்களாம். அதுவரை முரளி என் கட்டிலைச் சுற்றி வந்தால் யார் தாங்குவது? நான் சொன்னேன், ஆட்டத்திலேயே பார்த்துவிடுகிறேன், பிடித்திருந்தால் அங்கேயே தட்டைக் கொடுத்துப் பூ வைத்துவிடுகிறேன் என்று. மூன்று மணிக்கு ஆட்டம். நாலரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். எல்லோரும் என் சமயோசிதத்தை மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

அம்மாமண்டபம் ரோட்டில் பூ, வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், தொட்டியத்துப் பூவன் ஒரு சீப்பு, குங்குமச் சிமிழ் எல்லாம் வாங்கி வெள்ளித் தட்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். நான், மகன் சுந்தரம், மல்லிகா, முரளி. போகிற வழியில் முரளி, அவனுக்கே உரிய மெல்லிய குரலில், எனக்குப் பாடம் நடத்தப் பார்த்தான். சுகந்தி கூடையில் போடுகிற ஆள் இல்லையாம், மற்றவர்களைப் போட வைக்கிற ஆளாம், அந்த டீமுக்கே அவள்தான் மூளையாம். மூளை இருந்தால் அவளே போட வேண்டியதுதானே என்று நான் கேட்டேன்.

மைதானத்தில் சிமெண்டுப் படிகள். நாங்கள் இரண்டாம் படியில் உட்கார்ந்தோம். தட்டு என் மடியில். எங்களுக்கு நேர் பின்னால், மூன்றாம் படியில், சுகந்தியின் அம்மா. ராத்திரி டூட்டி முடித்து, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டு வந்திருந்தார்கள். நல்ல மாதிரி. வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் நான் ரகசியம் என்று நினைத்துப் பேசுவது நாலு வரிசைக்குக் கேட்குமாம். இதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லப் பயம் போலிருக்கிறது.

ஆட்டம் ஆரம்பித்தது. எட்டாம் நம்பர் சட்டைதான் சுகந்தி என்று முரளி காட்டினான். குள்ளமாக, ஒல்லியாக இருந்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது, பயத்தில்.

பந்து கைக்கு வந்தால் மற்றவர்கள் கூடைக்குப் பாய்கிறார்கள். இவள் மட்டும் நின்ற இடத்தில் தட்டிக்கொண்டே இருக்கிறாள், சப்பாத்தி மாவு பதம் பார்க்கிற மாதிரி. அப்புறம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் போடுகிறாள். பார்த்த பக்கம் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க, பந்து வேறெங்கோ போகிறது. (எதிர்க்கட்சிப் பெண்களும் என்னைப் போலவே அவள் கண்ணைத்தான் நம்பினார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.) “பார்வையில கோளாறு இருக்குமோ,” என்று மல்லிகாவின் காதில் சொன்னேன்.

இதைவிட மோசம், எதிர்க்கட்சியில் தாட்டியான ஒரு பெண் முழு வேகத்தில் ஓடி வருகிறாள். எருமை மாடாக இருந்தாலும் ஒதுங்கும். இவள் ஓடிப் போய் அவள் வழியில் நிற்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு. மோதி, மல்லாக்க விழுந்தாள். விசில் ஊதினார்கள். விழுந்தவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள், அவள் சகாக்கள் ஓடி வந்து முதுகில் தட்டினார்கள். பந்தை இவள் பக்கத்துக்குக் கொடுத்தார்கள். பாவம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். (நிற்கிறவள் மேல் மோதினால் மோதியவள் மேல்தான் தப்பாம், அதற்காகவே இவள் போய் நின்றாளாம்.)

பாதி ஆட்டத்தில் இடைவேளை விட்டபோது கணக்குப் பார்த்தேன். சுகந்தி ஒரு கூடைகூடப் போடவில்லை. அந்த டீமிலேயே பதினைந்தாம் நம்பர் போட்ட ஸ்டெல்லா என்ற பெண்தான் போட்டுத் தள்ளினாள். நெடுநெடுவென்று வளர்த்தி, கை நீட்டினால் காரியம் முடிந்தது. ஆளை விட்டால் ஆகாயத்தில் ஒட்டடை அடிப்பாள் போலிருந்தது. என் மனசு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

“இந்த சுகந்திக்கு புத்தி மட்டு,” என்று மல்லிகாவிடம் ரகசியமாகச் சொன்னேன். “கையில வந்ததை ஊருக்குக் குடுத்துட்டு நிக்கிறா. இவ குடும்பம் நடத்துனா விளங்குமா?”

சுந்தரம் இருமினான். முரளி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். மல்லிகா திரும்பி என்னைப் பார்த்தாள். என் மருமகள் அதிர்ந்து பேசாதவள். முப்பது வருஷத்துக்கு மேலாக மனசில் வைத்திருந்ததை அந்த இடத்தில்தான் அவிழ்த்தாள்.

“நம்ம வீட்டு விசேஷத்துல நீங்க என்னிக்காவது சாம்பார் வாளியைத் தூக்கியிருக்கீங்களா அத்தை? பந்தி முனையில நின்னுக்கிட்டு, எந்த இலையில சோறு இல்ல, எந்த இலைக்கு ரசம்னு கையைக் காட்டிக்கிட்டே இருப்பீங்க. தூக்கிட்டு ஓடுறது நாங்க. ஆனா அத்தை இல்லைன்னா பந்தியே நடக்காதுன்னுதான் ஊரு சொல்லுது. அந்தப் பொண்ணும் அதைத்தானே பண்ணுது?”

நியாயமாக எனக்கு அங்கேயே புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு மருமகள், அதுவும் பொது இடத்தில், என்னைப் பந்தி முனையில் நின்று கைகாட்டுகிறவள் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் பக்கமே நான் திரும்பவில்லை. யார் சொல்வது சரி என்று காட்டிவிடுகிறேன் என்று தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. சுகந்தியின் டீம் ஒரு பாயிண்ட் பின்னால். பந்து எதிர்க்கட்சியின் கையில். சுந்தரத்தின் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ராகு காலம் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சுகந்தி, பந்தைப் பிடுங்குகிற மாதிரி போய், எதிர்க்கட்சிப் பெண்ணின் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். விசில். எதிர்க்கட்சிக்கு இரண்டு எறி இனாம் என்று முரளி சொன்னான். தோற்கிறவள் ஜெயிக்கிறவளுக்கு இனாம் கொடுக்கிறாளா என்று கேட்டேன்.

“கடிகாரத்தை நிறுத்துறதுக்கு அப்பாயி. இல்லைன்னா அவங்க பந்தைத் தட்டிக்கிட்டே நேரத்தை ஓட்டிடுவாங்க.”

என் காதில் விழவில்லை. நான் என் கடிகாரத்தில் இருந்தேன். அவளும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அதை நிறுத்தத் தெரிந்திருந்தது.

மைதானத்தில் எல்லோரும் அசையாமல் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். எறியப் போகிறவள் மட்டும் எதிரில். என் கண்ணுக்கு அது ஆட்டம் முடிந்து மரியாதை செய்ய நிற்கிற மாதிரிதான் தெரிந்தது. வரிசையில் கூடைக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா. இதைவிட நல்ல நேரம் ஏது? எழுந்தேன். படி இறங்கினேன். செருப்பை ஓரத்தில் விட்டேன் (அதில் மட்டும் எனக்கு மரியாதை தெரிந்திருந்தது). தட்டோடு நேராக உள்ளே நடந்து, கூடைக்கு அடியில் போய் நின்றேன்.

ஸ்டெல்லா குனிந்து என்னைப் பார்த்தாள். குனிந்தது வசதியாகப் போனது, முழப் பூவையும் அவள் தலையில் சொருகிவிட்டேன்.

“உனக்குத்தான் கண்ணு, புத்தி இருக்கு,” என்றேன். “என் பேரனுக்கு உன்னைக் கேக்குறேன். ரயில்வே குடும்பம், ஸ்ரீரங்கத்துல சொந்த வீடு.”

அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள், சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். “எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு பாட்டி. அதோ அவர் மடியில இருக்கான் பாருங்க, என் பையன்.” கீழ்ப்படியில் ஒரு சின்னப் பிள்ளை எனக்குக் கையாட்டியது. “அப்புறம், நான் போட்டது எல்லாமே சுகந்தி குடுத்ததுதான் பாட்டி. நான் சும்மா கை நீட்டுனேன்.”

விசில்காரர் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். வெளியே போங்கம்மா என்று தட்டில் கை வைத்தார். பூ வைத்த தட்டில் அன்னியர் கை வைக்கலாமா? நான் இழுத்தேன். எலுமிச்சம்பழங்கள் மைதானத்தின் நாலு மூலைக்கும் ஓடின. பூவன் சீப்பு பிய்ந்து சிதறியது. குங்குமச் சிமிழ் திறந்து, வழவழவென்றிருந்த தரையில், கூடைக்கு நேர் கீழே, செக்கச்செவேல் என்று கொட்டியது. அதைத் துடைக்காமல் ஆட முடியாது, வழுக்கிவிடும் என்றார்கள். துணி தேடி ஒருவர் ஓடினார். தண்ணீர் பட்டதும் குங்குமம் இன்னும் பரவியது. படியில் இருந்த அத்தனை ஜனமும் சிரித்தது. எதிர்க்கட்சிப் பெண்களும் அவர்கள் கோச்சும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். செல்போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன.

என்னைப் பார்க்காதவள் ஒருத்திதான். சுகந்தி மற்ற மூன்று பேரையும் ஒரு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், உள்ளங்கையில் விரலால் கோடு போட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தை நிறுத்திப் பேச அவர்கள் கோச் கேட்டு வாங்குகிற டைம் அவுட் எல்லாம் தீர்ந்துபோயிருந்ததாம். நான் இனாமாக ஒன்று கொடுத்துவிட்டேன்.

“ஸ்டெல்லாக்கா,” என்று அங்கிருந்தே கூப்பிட்டாள், “பாட்டிகிட்ட ஜாதகமெல்லாம் நிதானமா கேட்டுட்டு வாங்க. அவசரமில்ல.”

இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தரை காய்கிற வரை எறியப் போகிற பெண் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், நின்று நின்று கை விறைத்திருக்கும். இரண்டு எறியும் வளையத்தில் பட்டு வெளியே வந்தன. தலையில் மல்லிகைப்பூவோடு ஸ்டெல்லா எகிறிப் பந்தைப் பிடித்து சுகந்தியிடம் கொடுத்தாள். சுகந்தி மறுகூடைக்கு ஓடி, வழக்கம்போல ஸ்டெல்லாவைப் பார்த்தாள். எதிர்க்கட்சி முழுசும் ஸ்டெல்லா மேல் விழுந்தது. அவர்களும் என்னைப் போலத்தான், சுகந்தி போட மாட்டாள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவள் யாரும் இல்லாத இடத்தில் நின்று, அந்தச் சாயங்காலத்தில் தன்னுடைய ஒரே கூடையைப் போட்டாள். மணி அடித்துவிட்டது, ஒரு பாயிண்டில் ஜெயித்துவிட்டார்கள்.

மைதானமே கத்தியது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே முரளி, படிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவில் குனிந்து, வாழைப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். முதல் தடவையாக ஒன்று கேட்ட பிள்ளை. அதை எடுத்து அவன் கண் முன்னாலேயே வேறொருத்தி தலையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சுகந்தியின் அம்மா படியிறங்கி வந்தார்கள். குரலை உயர்த்தவே இல்லை.

“என் பொண்ணைப் பிடிக்கலைன்னா பரவாயில்லைங்கம்மா. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். அவளுக்கு புத்தி மட்டுன்னு நாலு பேர் கேக்கச் சொன்னீங்க. நான் பின்னாலதான் உக்காந்திருந்தேன்.”

எழுபத்தேழு வருஷத்தில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடக் கிடையாது (அவர்தான் கேட்பார்). அதற்குள் சுகந்தி வேர்க்க விறுவிறுக்க வந்தாள். முரளி நீட்டிய பழங்களில் ஒன்றை எடுத்து உரித்துக்கொண்டே என் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“என்னைச் சொன்னதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல பாட்டி. ஆட்டம் தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அம்மா மனசு கஷ்டப்பட்டுட்டாங்க. அவங்ககிட்ட நீங்கதான் பேசணும். ஆறு மணிக்கு அவங்களுக்கு டூட்டி, இப்பவே பேசிடுங்க.”

மணி நாலரை தாண்டியிருந்தது. சரியான ராகு காலம். அந்த நேரத்தில் நான் காலண்டர் தாளைக்கூடக் கிழிக்கமாட்டேன். பேரன் பிறந்த செய்தி வந்தபோதுகூட, ராகு காலம் கழியட்டும் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தவள் நான். ஆறு மணி வரை காத்திருந்தால் அந்த அம்மா போய்விடுவார்கள். அப்புறம் ஆடி. ஆடிக்கு அப்புறம் அவர்கள் எதற்கு எங்களைத் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? முரளியைப் பார்த்தேன். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

எழுந்து நின்றேன். தட்டில் மிச்சம் இருந்தது நசுங்கிய வெற்றிலை, நாலு பழம், அந்த எலுமிச்சை. குங்குமம் என் கையிலேயே நிறைய ஒட்டியிருந்தது.

“நான் சொன்னது தப்பும்மா,” என்றேன். “புத்தி மட்டு எனக்குத்தான். என் பேரனுக்காகப் பொறுத்துக்கணும்.” தட்டை நீட்டினேன்.

அவர்கள் உடனே வாங்கவில்லை. மகளைப் பார்த்தார்கள். மகள் வாழைப்பழத்தை மென்றுகொண்டே முரளியைப் பார்த்தாள். முரளி தரையைப் பார்த்தான். அவள் சிரித்தாள். அப்புறம்தான் தட்டு என் கையிலிருந்து போயிற்று. வைக்கப் பூ இல்லை, ஸ்டெல்லா தன் தலையிலிருந்து ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள். குங்குமக் கையாலேயே அதைச் சுகந்தி தலையில் வைத்தேன்.

ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்பே என் வீடியோ உப்பிலியபுரத்தில் இருக்கிற என் நாத்தனார் பேரன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் நான் முனையில் நிற்கவில்லை, அப்பள வாளியைத் தூக்கினேன். இரண்டாம் இலையிலேயே மல்லிகா பிடுங்கிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு எல்லை மீறினாலும் யாராவது ஒருத்தர், “அப்பாயியை உள்ள அனுப்புங்கப்பா” என்கிறார்கள். சுந்தரமும் மல்லிகாவும் சண்டை போட்டால், கேஸ் சிலிண்டர்க்காரர் வந்து சில்லறை இல்லை என்று நின்றால், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தால், அப்பாயியை உள்ளே அனுப்பு. போன மாதம் சுகந்தி தஞ்சாவூர் மேட்சுக்குப் போகும்போது, டைம் அவுட் தீர்ந்துவிட்டால் வேண்டும், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டாள். போனேன். ஆட்டம் முடிகிற வரை இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் பார்க்கிற பக்கம் பார்க்காமல், பந்து போகப்போகிற பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பாதிதான் பிடிபடுகிறது.

சுகந்தி, அந்தப் பந்தைக் கட்டிலுக்கு அடியில் வச்சுட்டு இங்க வா கண்ணு. நாலு மத்தியானம் எழுதுனது, எனக்கே என் எழுத்து புரியல. ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. கூடத்துல உங்கம்மா உக்காந்திருக்காங்க இல்ல, அவங்களுக்கும் கேக்குற மாதிரி சத்தமாவே வாசி.